கோவாவில் ஜெயித்த ஒன்பதாயிரம்

"அண்ணே, கோவா போலாமா?"

தீபாவளிக்கு மூன்று நாள் இருக்கும்போது பெரம்பலூர் புதிய பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு டீக்கடையில் வைத்து என் சித்தப்பா மகன் கேட்டான். நான் சென்னையிலிருந்து வந்து இறங்கி பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பீச் பார்க்க ஆசைப்படுகிறான் போல என்று நினைத்தேன்.

"நீ எண்ணு. நான் ஆடுறேன். அம்பதாயிரம் நான் பொரட்டிடுறேன்."

அவனுக்கு 27 வயது. டிப்ளமோ முடித்துவிட்டு சித்தப்பாவோடு மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் பார்க்கிறான். ஆகஸ்ட் மாதம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டத்துக்குப் பிறகு செல்போனில் காசு வைத்து ரம்மி ஆடுவது நின்றுபோயிருந்தது. வீட்டில் எல்லோரும் அதோடு விட்டது சனி என்றிருந்தார்கள். அவனுக்கு அப்படி இல்லை. "ஆப்ல மெஷின் போடுது சீட்டு. கண்ணு முன்னாடி மனுசன் போட்டா நாம ஜெயிப்போம்ல? நீ ஜெயிச்சியே."

நான் டீயை ஊதிக் குடித்தேன். நான் ஜெயித்தேன்தான். அந்தக் கதையைத்தான் எழுதவேண்டியிருக்கிறது.

ஆனால் கோவாவுக்கு முன்னால் அரியலூர். என் தாய்மாமா அங்கே ஒரு சிமெண்ட் ஆலையில் எடைமேடையில் வேலை பார்த்தார். பள்ளி விடுமுறைக்கு அவர் வீட்டுக்குப் போவேன். தெருவில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய டிப்பர்கள் போய்க்கொண்டே இருக்கும். வாசலில் துவைத்துக் காயப்போட்ட துணியை உதறினால் பொடி பறக்கும். சாயங்காலம் ஷிப்ட் முடிந்து நாலைந்து பேர் திண்ணையில் உட்காருவார்கள். ரம்மி. ஸ்கூட் 20, மிடில் ஸ்கூட் 40, புல் 80. பாயிண்டுக்கு இத்தனை பைசா என்று ஆட்டம். மாமா முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து நான் பார்ப்பேன்.

ஆட்டம் முடிந்ததும் மாமா கேட்பார். "எதுத்தாப்ல இருந்தவன் மொதல்ல என்ன எறிஞ்சான்? ரெண்டாவது? அப்ப அவன்கிட்ட கிளாவர்ல என்ன இருந்திருக்கும்?" சொன்னால் கடலைமிட்டாய். மூன்று கோடை விடுமுறையில் நான் கீழே விழுந்த சீட்டு அத்தனையையும் வரிசை மாறாமல் சொல்லப் பழகிவிட்டேன். மாமாவுக்குத் தலைகால் புரியவில்லை. "சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருக்குடா, ரம்மி சூதாட்டம் இல்ல, மூளை" என்பார்.

அவர் சொன்னது உண்மை. செகந்திராபாத்தில் ஒரு கிளப் மீதான வழக்கு அது. 1967-ல் உச்ச நீதிமன்றம், மூன்று சீட்டு ஆட்டம் முழுக்க அதிர்ஷ்டம், ரம்மி அப்படியல்ல என்றது. காரணம்? விழும் சீட்டுகளை நினைவில் வைக்கவேண்டும், எதைப் பிடிப்பது எதை எறிவது என்று தெரியவேண்டும். திண்ணையில் மாமா எனக்கு நடத்திய பாடமேதான். ஆனால் அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது. அந்த ஆட்டத்திலிருந்து கிளப் நடத்துபவர் லாபம் எடுத்தால் அது குற்றமாகலாம் என்கிறது. பிற்பாடு செல்போன் ரம்மிக்காரர்கள் "திறமை" என்ற முதல் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டார்கள். மாமா திண்ணையில் யாரும் லாபம் எடுக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்த அத்தைக்கு நஷ்டம்தான்.

கல்லூரி முடித்து வேலைக்குப் போனபின் எட்வர்ட் தோர்ப்பைப் பற்றிப் படித்தேன். கணிதப் பேராசிரியர். எம்ஐடியில் இருந்த ஐபிஎம் 704 கணினியில் ஃபோர்ட்ரான் எழுதி, பிளாக்ஜாக் ஆட்டத்தில் சீட்டுகளைக் கவனித்தால் சூதாட்ட விடுதியையே ஜெயிக்கலாம் என்று காட்டி, 1962-ல் புத்தகமாகப் போட்டவர். நான் அப்போது எழுதிக்கொண்டிருந்தது ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்கான படிவம் நிரப்பும் மென்பொருள். தோர்ப் எனக்கு எப்படித் தெரிந்திருப்பார் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

நம்மிடமும் ஒரு தோர்ப் உண்டு. சூதில் நாட்டை இழந்து, உருமாறி, தேரோட்டியாகத் திரிகிற நளன். அவன் தேரில் போகும் இருதுபன்னன், வழியில் நிற்கும் தான்றி மரத்தைப் பார்த்தே அதில் எவ்வளவு காய் என்று சொல்லிவிடுகிறான். நளன் வண்டியை நிறுத்தி எண்ணிப் பார்க்கிறான், சரியாக இருக்கிறது. அந்த வித்தையைக் கற்றுக்கொண்டு, தேரோட்டும் வித்தையை ஈடாகக் கொடுத்து, திரும்பிப்போய் சூதில் நாட்டை மீட்கிறான். எண்ணத் தெரிந்தவன் சூதில் ஜெயிப்பான் என்பதை எத்தனையோ நூற்றாண்டுகளாகக் கதையாகக் கேட்டு வளர்ந்த ஆட்கள் நாம். எனக்கு மாமாதான் இருதுபன்னன்.

2017-ல் அலுவலக நண்பர்களோடு கோவா போனேன். பனாஜியில் மாண்டவி ஆற்றில் கப்பல்கள் நிற்கும், அவைதான் காசினோ. அதற்கு முன் ஆறு மாதம் அறையில் சீட்டுக்கட்டோடு உட்கார்ந்து பழகியிருந்தேன். முதல் இரவு 9,000 ரூபாய் ஜெயித்தேன். அடுத்த பொங்கலுக்கு வீட்டில் எல்லோருக்கும் சட்டை, சேலை. திண்ணையில் வைத்து மாமாவிடம் சொன்னேன்: "எல்லாம் நீங்க சொல்லிக்குடுத்த கணக்கு மாமா." அவர் முகம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. பக்கத்தில் தம்பி உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். அப்போது அவனுக்கு வயது பத்தொன்பது. அன்று ராத்திரியே சீட்டுக்கட்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தான். சொல்லிக்கொடுத்தேன்.

2021 ஆகஸ்ட் 3 அன்று தமிழ்நாட்டு அரசின் ஆன்லைன் ரம்மித் தடையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த மாதமே அவன் செல்போனில் ஆட ஆரம்பித்திருக்கிறான். அப்புறம் 2022 அக்டோபரில் அவசரச் சட்டம், 2023 ஏப்ரலில் சட்டம், அதே நவம்பரில் ரம்மிக்குத் தடை செல்லாது என்று மறுபடி தீர்ப்பு, 2025-ல் நள்ளிரவு பன்னிரண்டிலிருந்து காலை ஐந்து வரை ஆடக்கூடாது என்று விதி. சட்டம் திறந்து மூடித் திறந்ததற்கேற்ப அவன் ஆடினான். ஒரு வருஷத்து வெங்காயப் பணம். அந்த வருஷம் மழையில் கோழிக்கால் நோய் வந்து பாதி போக, பட்டறையில் மிஞ்சியதை விற்று வந்த காசு. பிறகு சித்தியின் செயின், கூட்டுறவுச் சங்கத்தில் நகைக்கடனாக. மொத்தம் 2,60,000 என்று கடைசியில் ஒத்துக்கொண்டான். அதுவும் முழுக்கணக்கா என்று எனக்குச் சந்தேகம்.

அவன் முட்டாள் இல்லை. நன்றாகவே ஆடுவான். ஆனால் அந்த ஆப்கள் ஒவ்வொரு ஆட்டத்திலும் மேசையிலிருந்து நூற்றுக்கு 10 முதல் 15 வரை கமிஷன் எடுத்துக்கொள்ளும். இரண்டு பேர் ஆளுக்கு 100 வைத்தால் ஜெயித்தவனுக்கு 180 தான். அப்படியானால் கை நட்டமில்லாமல் இருக்கவே நூறு ஆட்டத்தில் 56 ஜெயிக்கவேண்டும். 15 எடுத்தால் 59. சமமான ஆட்கள் இரண்டு பேர் ராத்திரி முழுக்க ஆடினால் இருவரும் தோற்பார்கள். திண்ணைக்கும் செல்போனுக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான். அதை நான் அவனுக்குச் சொல்லியிருக்கவேண்டும். நான் சொன்னதெல்லாம் கோவாக் கதை.

ஆக, இந்தத் தீபாவளிக்கு டீக்கடையில் நான் அவனிடம் சொன்னது இது: "சரி, போலாம். மூணு நாள் இருக்கு. ஒழுங்கா கத்துக்க. அப்புறம் முடிவு பண்ணு."

மூன்று ராத்திரி மொட்டைமாடியில் உட்கார்ந்தோம். முதல் ராத்திரி சீட்டை எண்ணவே விடவில்லை. பிளாக்ஜாக்கில் எண்ணுவது இரண்டாவது பாடம். 21-ஐத் தாண்டாமல் டீலரைவிட அதிகமாக வைத்திருக்கவேண்டும், படம் போட்ட சீட்டுக்கு 10, ஆஸுக்கு 1 அல்லது 11. உன் கையைப் பார்த்து முடிவெடுக்காதே, டீலரின் திறந்த சீட்டைப் பார் என்றேன். டீலர் 17 வரும்வரை எடுத்தே ஆகவேண்டும். அவனிடம் 5 அல்லது 6 திறந்திருந்தால் நூற்றில் 40 தடவைக்கு மேல் அவன் 21 தாண்டி வெடிப்பான். அப்போது உன்னிடம் 13 இருந்தாலும் சும்மா நில். அவனிடம் 7-க்கு மேல் என்றால் 16 வைத்திருந்தாலும் பயந்துகொண்டே எடு. இரண்டு எட்டு வந்தால் பிரி. இரண்டு பத்து வந்தால் ஆசைப்பட்டுப் பிரிக்காதே. இன்ஷூரன்ஸ் வேண்டுமா என்று கேட்பார்கள், வேண்டாம். அமெரிக்க ராணுவத்தில் இருந்த நான்கு பேர் கணக்கு இயந்திரத்தை வைத்துக்கொண்டு இதையெல்லாம் கணக்குப் போட்டு 1956-ல் வெளியிட்டார்கள். (அரியலூர்க்காரர்களுக்கு 1956 என்றால் மருதையாற்றில் ரயில் கவிழ்ந்த வருஷம். வேறெதுவும் அந்த வருஷம் நடந்ததாகவே எங்கள் ஊரில் நம்பமாட்டார்கள்.) இத்தனையும் பிசகாமல் ஆடினால்கூட விதிகள் நல்லபடி இருக்கும் மேசையில் நூறு ரூபாய்க்கு சுமார் 50 பைசா நீ நட்டப்படுவாய். அதுதான் தொடக்கம்.

"ஒழுங்கா ஆடுனாலும் நட்டமா?"

"ஆமா. மத்தவனைவிடக் கம்மியா நட்டம்."

இரண்டாம் ராத்திரி எண்ணிக்கை. இது உண்மையிலேயே அழகான விஷயம், அதை ஒத்துக்கொள்ளவேண்டும். 2 முதல் 6 வரை விழுந்தால் ஒன்று கூட்டு. 7, 8, 9 கண்டுகொள்ளாதே. 10, படங்கள், ஆஸ் விழுந்தால் ஒன்று கழி. ஒரு கட்டு முழுக்கப் புரட்டினால் பூஜ்ஜியத்தில் வந்து நிற்கும். மாமா மாதிரி ஒவ்வொரு சீட்டையும் ஞாபகம் வைக்கவேண்டியதே இல்லை, ஒரே ஒரு எண் போதும். சின்னச் சீட்டுகள் அதிகம் போய்விட்டால் மிச்சத்தில் பெரியவை அதிகம். டீலர் கட்டாயமாக எடுத்து வெடிக்க வாய்ப்பு கூடும், உனக்கு ஆஸும் பத்துமாக வந்தால் ஒன்றுக்கு ஒன்றரை கிடைக்கும். தாயக்கட்டைக்கு முந்தைய உருட்டல் ஞாபகம் இருக்காது. சீட்டுக்கட்டுக்கு இருக்கும், கலைக்கிற வரை. தோர்ப் பிடித்தது அந்த இடத்தைத்தான்.

காசினோவில் ஆறு அல்லது எட்டுக் கட்டைச் சேர்த்துப் பெட்டியில் வைப்பார்கள். அதனால் எண்ணியதை மிச்சமிருக்கும் கட்டுகளால் வகுக்கவேண்டும். ஆறு வந்திருக்கிறது, மூன்று கட்டு மிச்சம், அப்படியானால் 2. வகுத்து வரும் ஒவ்வொரு புள்ளிக்கும் சுமார் அரை சதவீதம் உன் பக்கம் சாயும். 1-ல் சமம். 2-க்கு மேல்தான் உனக்குச் சாதகம். அதுவரை மேசையில் இருக்கும் குறைந்தபட்சத் தொகையை வைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டு உட்கார்ந்திரு.

தம்பி நள்ளிரவுக்குள் 52 சீட்டை 28 விநாடியில் எண்ணினான். எனக்கு 34. ஒரு சீட்டை உருவி மறைத்துவைத்துவிட்டு மிச்சத்தைப் புரட்டச் சொன்னேன். "ப்ளஸ் ஒண்ணுல நிக்குது. மறைச்சது பெருசு" என்றான். எடுத்துப் பார்த்தோம், டைமன் ராணி. அவன் கண்ணில் வெளிச்சம். பட்டாசு வெடித்துக்கொண்டிருந்த தெருவுக்கு மேலே, சின்ன வயதில் திண்ணையில் கடலைமிட்டாய் வாங்கிய ஆள் மாதிரியே உட்கார்ந்திருந்தான். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

மூன்றாம் ராத்திரி மடிக்கணினியைத் திறந்தேன். எண்ணி ஆடுகிறவனுக்கு ஒவ்வொரு கையிலும் 1% சாதகம் என்று வைத்தேன். இது ரொம்பத் தாராளம், நிஜத்தில் வருவது இதைவிடக் குறைவு. கைக்கு 500 ரூபாய். நூறு கை ஆடினால் எதிர்பார்க்கும் லாபம் 500. ஆனால் அந்த நூறு கையில் பணம் மேலேயோ கீழேயோ 5,700 வரை சாதாரணமாக ஆடும். நூறு கை முடிவில் நட்டத்தில் எழுந்திருக்க வாய்ப்பு 46%. சரி, பத்தாயிரம் கை? ராத்திரிக்கு 360 கை என்றால் 28 ராத்திரி. எதிர்பார்க்கும் லாபம் 50,000. அப்போதும் ஐந்தில் ஒருவன் நட்டத்தில் இருப்பான், ஒரு தப்பும் செய்யாமல்.

"அஞ்சுல நாலு பேரு ஜெயிக்கிறான்ல?"

"இரு. வரி இருக்கு."

வருமான வரிச் சட்டத்தில் சீட்டாட்ட வெற்றிக்கு 30%. தோற்றதை அதில் கழித்துக்கொள்ள விடமாட்டார்கள். இதை அமெரிக்கப் புத்தகம் எதிலும் பார்க்க முடியாது. 28 ராத்திரியை ஜெயித்த ராத்திரி, தோற்ற ராத்திரி என்று பிரித்தால், சராசரியாக ஜெயித்ததன் கூட்டு சுமார் 1,47,000, தோற்றதன் கூட்டு 97,000. மிச்சம் 50,000. ஆனால் வரி 1,47,000-க்கு, அதாவது 44,000. ஒரு மாதம் தூங்காமல் எண்ணி, கையில் நிற்பது 6,000. கப்பல் நுழைவுக் கட்டணம், அறை வாடகை, ரயில் டிக்கெட் இன்னும் போகவில்லை.

அவன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் விடவில்லை. 1956-லேயே ஜான் கெல்லி என்ற பெல் ஆய்வக ஆள் எழுதிய சூத்திரம் ஒன்று உண்டு. தோர்ப் அதைத்தான் பிடித்துக்கொண்டார். உன்னிடம் இருக்கும் முதலில் எத்தனை சதவீதத்தை ஒரு கைக்கு வைக்கலாம் என்று அது சொல்லும். 1% சாதகத்துக்கு முக்கால் சதவீதம். லட்ச ரூபாய் வைத்திருப்பவன் 750 வைக்கலாம். "நீ அம்பதாயிரம் எங்க பொரட்டுவ?" என்றேன்.

"சங்கத்துல..."

"அப்ப உன் முதல் எவ்ளோ?"

பதில் வரவில்லை. தோர்ப் நெவாடாவுக்குப் போனபோது அவர் கையில் இருந்தது 10,000 டாலர். பணம் போட்டவர் வேறு ஆள். போனாலும் தோர்ப்புக்குப் பேராசிரியர் சம்பளம் வரும். இதைத்தான் நான் பல வருஷம் பார்க்காமல் இருந்தேன். சூத்திரம் சரி, கை சரி, ஞாபகம் சரி. ஆனால் அந்த ஒரு சதவீதம், தோற்றால் ஒன்றும் ஆகாதவன் பக்கம் மட்டும்தான் வந்து சேரும். எங்கள் வீட்டில் அப்படி ஒருவரும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டான். "அப்ப அந்த ஒம்பதாயிரம்?"

சொன்னேன். நான் உட்கார்ந்த மேசையில் பெட்டிக்குப் பதிலாகக் கலைக்கும் இயந்திரம் இருந்தது. ஒவ்வொரு சுற்று முடிந்ததும் சீட்டை அதற்குள்ளேயே திரும்பப் போட்டுவிடுவார்கள். கட்டுக்கு ஞாபகமே கிடையாது, எண்ணுவதற்கும் ஒன்றும் இல்லை. பத்து நிமிஷத்தில் எனக்கு அது புரிந்துவிட்டது. எழுந்திருக்க வெட்கமாக இருந்ததால் ஆடினேன். நல்ல சீட்டாக வந்தது. அடுத்த ராத்திரி அதே மேசைக்குப் போய் 14,000 விட்டேன். அதை யாரிடமும் சொல்லவில்லை. நண்பர்களுக்குக்கூடத் தெரியாது.

"பொங்கலுக்கு சட்டை எடுத்துக் குடுத்த."

"அது சம்பளத்துல எடுத்தது."

அவன் சீட்டுகளைச் சேர்த்து அடுக்கி, கட்டின் நான்கு பக்கமும் தட்டிச் சமப்படுத்தினான். கெட்டவார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். "மாமாகிட்ட சொல்லிருக்கலாம்ல" என்றான். மாமா இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. மருமகன் கோவாவில் கணக்குப் போட்டு ஜெயித்தான் என்று எடைமேடையில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்த மனுஷன். திண்ணையில் ஐம்பது ரூபாய் போனால் ஸ்கூட் போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார், எவன் கூப்பிட்டாலும் உட்காரமாட்டார். விழுந்த சீட்டை மனப்பாடம் செய்த நான் அதைக் கவனிக்கவே இல்லை.

பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ஊர் திரும்ப அரியலூர் போய்த்தான் ஏறவேண்டும், அந்த வாரம் பேருந்தில் இடமும் இல்லை. தம்பி பைக்கில் கொண்டுவந்து விட்டான். வழி முழுக்க ஒன்றும் பேசவில்லை. நகைக்கடனில் பாதியை நான் கட்டுகிறேன் என்று ஸ்டேஷன் வாசலில் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினான். அது சரி என்றா, வேண்டாம் என்றா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

விருத்தாசலம் தாண்டியதும் போன் வந்தது.

"அண்ணே, லேப்டாப்ல ஓட்டிக் காட்டுனியே, அதே மாதிரி வெங்காயத்துக்குப் போட முடியுமா? ரெண்டு ஏக்கர். வெதைக்கு, உழவுக்கு, களையெடுப்புக்கு ஆன செலவு எல்லாம் நோட்டுல இருக்கு. மழ வந்தா, வரலன்னா, வெல எறங்குனா... எத்தன வருசத்துக்கு ஒருக்கா நட்டம்னு தெரியணும்."

நோட்டைப் படம் எடுத்து அனுப்பு என்றேன். ஏழு பக்கம் வந்தது. சித்தப்பா கையெழுத்து, 2014-லிருந்து. மூன்று வருஷத்து வரவுப் பக்கத்தில் எதுவுமே எழுதவில்லை.